களஞ்சியத்தில் கச்சேரி, களத்தில் கச்சேரி

பிரான்சில் தூர் நகரத்துக்குப் பக்கத்தில் மெஸ்லே என்று ஒரு பண்ணை. அங்கே 13-ம் நூற்றாண்டில் ஒரு மடம், குடியானவர்களிடம் வரியாக வாங்கிய தானியத்தைப் போட்டு வைக்க ஒரு பெரிய களஞ்சியம் கட்டியது. கல் சுவர், உள்ளே வரிசை வரிசையாக ஓக் மரத் தூண்கள், மேலே பிரம்மாண்டமான மரக்கூரை. சோவியத் பியானோ மேதை ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்டர் இந்த இடத்தைப் பார்த்து மயங்கி, 1964-ல் இங்கேயே ஒரு கோடை இசை விழாவைத் தொடங்கினார். அறுபது வருஷம் தாண்டியும் பேர் சொல்லிக்கொண்டிருக்கிறது.

காரைக்கால் 1739-லிருந்து 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. தெருப் பெயர், போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி எல்லாம் வந்தது. களஞ்சியக் கச்சேரி மட்டும் வரவில்லை. சுற்றிலும் நெல் விளைகிற பூமி, பக்கத்து ஜில்லாவுக்கே நெற்களஞ்சியம் என்றுதான் பட்டப்பெயர். அப்படியிருந்தும் களஞ்சியத்துக்குள் உட்கார்ந்து பாட்டு கேட்கிற பழக்கம் நமக்கு ஏன் இல்லை? விளையாட்டாகக் கேட்டுக்கொண்ட கேள்விதான். துருவிப் பார்த்தால், நம் ஊர்க் கோடைக் கச்சேரிகள் இப்போது ஏன் காதுக்குக் கஷ்டமாகிவிட்டன என்பதற்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

முதல் காரணம் வானிலை. ஐரோப்பாவில் அறுவடை முடிந்த கையோடு ஈரமும் குளிரும் வந்துவிடும். கதிரை உள்ளே கொண்டுவந்து கூரைக்குக் கீழேதான் அடிக்க வேண்டும். அதனால்தான் அவ்வளவு பெரிய கட்டடம். இங்கே சம்பா அறுவடை தை, மாசியில். வானம் வெறிச்சென்று இருக்கும். களத்து மேட்டில் அடித்து, அங்கேயே தூற்றி, மூட்டை கட்டிவிடலாம். வீட்டில் பத்தாயம், கோயிலில் களஞ்சியம் இருந்தது உண்மை. பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 3,000 கலம் பிடிக்கும் என்பார்கள். ஆனால் அது நெல் மட்டும் இருப்பதற்கான வட்ட அறை. ஆள் நின்று வேலை செய்கிற இடம் அல்ல. அவர்களுக்குக் களஞ்சியம் எதுவோ, நமக்குக் களம் அது. அதற்குச் சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது.

இரண்டாவது காரணம் தண்ணீர். மேட்டூர் அணை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது என்பது பழைய வழக்கம். நடுவில் நாலரை மாதம் வயலில் பெரிய வேலை இல்லை. காரைக்கால் கடைமடை. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு என்று ஒதுக்கிய 7 டி.எம்.சி.யும் இங்கே வந்து சேர இன்னும் நாளாகும். ஆக, டெல்டாவின் திருவிழா, கூத்து, நாடகம், கச்சேரி எல்லாம் சித்திரை, வைகாசி, ஆனியில் வந்து குவிந்ததற்கு பக்தி மட்டும் காரணம் இல்லை. ஆள் சும்மா இருந்தான், வயல் காய்ந்து கிடந்தது, ராத்திரி வெளியில் உட்கார முடிந்தது. கோடைக் கச்சேரி என்பது இந்த மண்ணின் வேலை அட்டவணையிலிருந்து வந்தது.

மேலட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமம். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, மே மாத வாக்கில், வரதராஜப் பெருமாள் கோயில் எதிரே தெருவிலேயே பாகவத மேளா நடக்கும். 18-ம் நூற்றாண்டு வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகங்கள். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். பிரகலாத நாடகத்தில் நரசிம்மர் வருகிற இடத்துக்காக விடிய விடியக் காத்திருக்கிறது ஜனம். அந்த முகமூடி கோயிலில் பூஜையில் இருப்பது, போடுகிறவர் விரதம் இருக்கிறார். இதைச் சென்னை சபாவில் ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கிப் போட்டால் கதை புரியும், ஆட்டமும் தெரியும். ஆனால் தூண் பிளக்கிற நேரத்தில் எதிரே நிஜமாகவே ஒரு கோயில் இருக்கிறது என்பது போய்விடும். இது மன உணர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. நடிகன் குரலை எந்தத் திசையில், எவ்வளவு தூரத்துக்குப் போட வேண்டும் என்பதை அந்தத் தெருதான் தீர்மானிக்கிறது.

இடத்தைப் பாட்டின் பகுதியாகவே பார்த்த முதல் ஆள் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களை பக்திக்காகப் படிக்கிறோம். ஓர் அரங்க விமர்சனமாக ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஆடுகிறவர் சிவன், ஆடுகிற இடம் சுடுகாடு. அம்மையார் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சமமாக இடத்தைப் பற்றிப் பேசுகிறார். என்ன செடி, எந்தப் பறவை, நரி என்ன செய்கிறது, பேய் எப்படி இருக்கிறது என்று ஒன்று விடாமல். ஒரு பாட்டில் பழந்தமிழ்ச் சுரப் பெயர்களையும் வீணை, மத்தளம், குடமுழா, மொந்தை, தக்கை என்று ஒரு பெரிய வாத்தியப் பட்டியலையும் கொடுக்கிறார். எல்லாம் வெட்டவெளியில். அந்தக் காட்டை எடுத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் தனியாக வைத்தால் பதிகம் நிற்காது. நல்ல ஓசை என்றால் நல்ல மண்டபம் என்று நாம் கற்றுக்கொண்டது ரொம்பப் பிந்தி.

சரி, இப்போது நடப்பதற்கு வருவோம்.

ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. பிச்சாடனர் வீதியுலா, மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கிறார்கள், கீழே கை நீட்டிக்கொண்டு கூட்டம். பட்டப்பகல், வெயில், நெரிசல். இதற்கு நடுவில் நாகசுரமும் தவிலும் எனக்குத் தெளிவாகவே கேட்கின்றன. வாத்தியம் நம்மைத் தாண்டி அடுத்த முனைக்குப் போகும்வரை ஒவ்வொரு பிடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. அதே நாகசுரத்தை ஏ.சி. மண்டபத்தில், நல்ல நாற்காலியில், அமைதியாக உட்கார்ந்து கேட்டால் பத்தே நிமிஷத்தில் தலை வலிக்கிறது. வாசிப்பவர் மோசம் என்றால் பரவாயில்லை. நல்ல வித்வான் வாசித்தாலும் இதே கதிதான். கோடைத் தொடர் ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று மாலை உட்கார்ந்தேன். மூன்று நாளும் தனி ஆவர்த்தனம் இடி முழக்கமாகத்தான் இருந்தது. சொற்கட்டு ஒன்றுகூடப் பிரிந்து கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர், "மைக்செட்காரன் சரியில்லை" என்றார். பாவம், மைக்செட்காரர் என்ன செய்வார்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல்காரர் 1890-களின் கடைசியில் ஒரு புது விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்கப்போய், நாற்காலி மெத்தைகளை ராத்திரியில் தூக்கிக்கொண்டுவந்து அடுக்கி அடுக்கி அளந்து கண்டுபிடித்த சூத்திரம் இது. எதிரொலி அடங்குகிற நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். அளவெல்லாம் மீட்டரில்.

நம்ம ஊர் மண்டபம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். 20 மீட்டர் நீளம், 12 அகலம், 5 உயரம். கன அளவு 1,200. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்துப் பரப்பு 800 சதுர மீட்டர். சிமெண்ட், டைல்ஸ், கிரானைட் எல்லாம் ஓசையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் உறிஞ்சும். ஆக உறிஞ்சல் 16. நேரம் 12 வினாடி! ஆள் உட்கார்ந்தால் குறையும். ஒருவருக்கு அரை அலகு என்று வைத்தால் 200 பேருக்கு 100. நேரம் 1.7 வினாடிக்கு வந்துவிடும், சமாளிக்கலாம். ஆனால் வார நாள் கச்சேரிக்கு வருவது 40 பேர். கிட்டத்தட்ட 5.4 வினாடி. மிருதங்கத்தில் வினாடிக்கு எட்டுச் சொல் விழுந்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட சொல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும், ஒரு புண்ணியமும் இல்லை.

இப்போது அதே அளவில் பந்தல் போடுங்கள், நாலு பக்கமும் திறந்து. திறந்த பக்கம் வழியாகப் போன ஓசை திரும்பாது, முழு உறிஞ்சல். நாலு பக்கம் சேர்ந்து 320 சதுர மீட்டர். ஒரு ஆள்கூட வராவிட்டாலும் 0.6 வினாடிதான். இந்தச் சூத்திரம் மூடிய அறைக்குத்தான் சரியாகப் பொருந்தும், திறந்த பந்தலுக்குத் தோராயம். ஆனாலும் பன்னிரண்டுக்கும் அரைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் தோராயமும் மறைக்காது.

ஊரில் பேசினால், "கீற்றுக் கொட்டகை போச்சு, எல்லாம் போச்சு" என்பார்கள். கீற்று ஏன் போனது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீயில் 40-க்கும் மேற்பட்டோர். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாணப் பந்தலில் மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர். அதே வருஷம் ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். இதற்குப் பிறகும் நல்ல ஓசைக்காகக் கீற்று வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் அவர் பக்கம் இல்லை.

மேலே போட்ட கணக்கில் கீற்றுக்கு நான் ஒரு மதிப்பெண்கூடக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கூரை வெறும் தகரமாக இருந்தாலும் 0.6 வினாடிதான் வரும். கீற்று வெக்கையைத் தணிக்கும், அது வேறு விஷயம். ஓசையைக் காப்பாற்றியது திறந்த பக்கங்கள். தீ பிடித்தால் ஆள் தப்பிப்பதற்கு வேண்டியதும் அதே திறந்த பக்கங்கள்தான். கொட்டகையை ஒழித்தபோது எரிகிற கூரையோடு சேர்த்துக் காற்றுவெளியையும் மூடி ஏ.சி. போட்டுக்கொண்டோம். அதுதான் பிழை.

மண்டபத்துக்கு ஏற்ப வாத்தியத்தை மாற்றலாமே என்று கேட்கலாம். மாற்றியும் இருக்கிறார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்தில், குட்டையான, கீச்சென்ற திமிரிக்குப் பதிலாக நீளமான, தாழ்ந்த சுருதி பாரி நாயனம் நரசிங்கம்பேட்டை ஆசாரி கையில் உருவாகி நிலைத்தது. ஒத்துக்குப் பதில் தம்புரா வைத்துக்கொண்டார். மேடையில் உட்கார்ந்து வாசிக்கிற வித்வானுக்கு ஏற்ற நாயனம் அது. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேடையின் முன்னால் பந்தலும் ஆயிரக்கணக்கான ஜனமும் இருந்தன. கிரானைட் சுவரும் 40 நாற்காலியும் இல்லை. பாரி நாயனத்தால்கூட ஐந்து வினாடி எதிரொலியை ஜெயிக்க முடியாது. இதில் தோற்கிறவர் வித்வான்தான். முதல் தடவை வருகிற பையன், நாகசுரம் என்றாலே இரைச்சல் என்று முடிவுகட்டிக்கொண்டு போகிறான். அடுத்த வருஷம் நாற்பது முப்பதாகிறது. ஆள் குறையக் குறைய எதிரொலி இன்னும் கூடும், சூத்திரமே சொல்கிறது.

கோடைத் தொடர் நடத்துகிறவர்களுக்கு என் யோசனை சின்னதுதான். மண்டபத்தை வாடகைக்கு எடுத்தால் உள்ளே போகாதீர்கள், அதன் வாசலில், கார் நிறுத்துகிற இடத்தில் நடத்துங்கள். மேலே தகரமோ துணியோ போதும், பக்கங்களில் எதையும் கட்டாதீர்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் கடற்காற்று இந்த ஊருக்கு இலவசம். நாகசுரத்துக்கும் தவிலுக்கும் மைக் வைக்காமல் ஒரு நாள் முயன்று பாருங்கள். வாய்ப்பாட்டுக்கு வேண்டுமானால் இரண்டு சின்ன ஸ்பீக்கர். உள்ளேதான் நடத்தியாக வேண்டும் என்றால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, பின்சுவரில் கயிற்றுப்பாயும் சாக்குப்படுதாவும் தொங்கவிடுங்கள். சபைனுக்கு மெத்தை கை கொடுத்தது, நமக்குப் பாய் கொடுக்காதா? தீத்தடுப்பு மருந்து அடித்த துணியாக இருக்கட்டும், வழியை மறைக்காமல் இருக்கட்டும்.

ரிக்டர் புதிதாக ஒரு ஹால் கட்டித் தரச் சொல்லவில்லை. அந்த ஊர் உழவர்கள் தானியத்துக்குக் கட்டியதில் போய் உட்கார்ந்து வாசித்தார். நம் உழவர்கள் தானியத்துக்குக் கட்டாமல் விட்ட வெளி இருக்கிறது. குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை அது காலியாகத்தான் கிடக்கும்.