கத்திக்குப் பின்னால் நிற்கும் பெரியவர்கள்

விடலைப் பையன்களின் கும்பல் வன்முறையைப் பேசும் படங்களுக்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. மெக்சிகோ, பிரேசில், தைவான், அமெரிக்கா, பிரான்ஸ், மதுரை என்று களம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இவற்றில் காலத்தைத் தாண்டி நிற்பவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரிகிறது. பையனை யார் கைவிட்டார்கள், யார் கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் அவை விடாமல் கேட்கின்றன.

இந்த மரபின் தொடக்கப்புள்ளி லூயி புனுவலின் 'லாஸ் ஒல்விதாதோஸ்' (1950). மெக்சிகோ நகரச் சேரியில் வளரும் பெத்ரோவுக்கு அம்மாவின் அன்பு வேண்டும். அவளோ அவனுக்குச் சோறு போடவும் மறுக்கிறாள். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி வந்த ஹைபோ அந்த வெற்றிடத்தில் நுழைகிறான். பெத்ரோவின் கனவில் அம்மா அவனுக்குப் பச்சை இறைச்சியை நீட்டுகிறாள்; கட்டிலுக்கு அடியிலிருந்து நீளும் ஹைபோவின் கை அதைப் பிடுங்கிக்கொள்கிறது. பின்னர் பெத்ரோ அனுப்பப்படும் பண்ணைப் பள்ளியின் தலைவர் அவனை நம்பி, கையில் ஐம்பது பெசோ கொடுத்து, கடைக்குப் போய் வரச் சொல்கிறார். வாழ்வில் முதன்முறையாக ஒருவர் தன்னை நம்பிய பூரிப்போடு வெளியே வருகிறான். அந்தப் பணத்தையும் ஹைபோ பறித்துக்கொள்கிறான். நல்லவர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது, பள்ளிக்கு வெளியே உள்ள தெருவும் மாற வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மெக்சிகோவில் கண்டனம் எழுந்து, படம் சில நாட்களிலேயே திரையரங்குகளை விட்டு எடுக்கப்பட்டது. 1951-இல் கான் விழாவில் புனுவல் சிறந்த இயக்குநர் விருது பெற்ற பிறகுதான் மரியாதை திரும்பியது.

ஹெக்டர் பபென்கோவின் 'பிக்ஸோட்' (1981), பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தண்டிக்க முடியாது என்ற பிரேசில் சட்டத்தைப் பெரியவர்கள் தங்கள் குற்றங்களுக்குக் கேடயமாக்கிக்கொள்வதைச் சொல்லியே தொடங்குகிறது. அதில் நடித்த சிறுவன் ஃபெர்னாந்தோ ராமோஸ் த சில்வா, சாவோ பாவ்லோவை அடுத்த ஏழைக் குடியிருப்பிலிருந்து வந்தவன். உலகம் அவன் நடிப்பைக் கொண்டாடியது. 1987-இல், பத்தொன்பது வயதில், போலீஸ் குண்டுக்கு அவன் பலியானான். இந்த வகைப் படங்களைப் பாராட்டும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய மரணம் அது.

இந்த வரிசையின் உச்சம் என்று நான் கருதுவது எட்வர்ட் யாங்கின் 'எ பிரைட்டர் சம்மர் டே' (1991). 1961-இல் தைபேயில் ஒரு மாணவன் தான் பழகிய பெண்ணைக் கொன்ற உண்மைச் சம்பவமே அதன் விதை. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் படம் கொலைக்கு அவசரப்படுவதே இல்லை. 1949-இல் சீனாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் நிச்சயமின்மையைப் பிள்ளைகள் எப்படிச் சுவாசித்து வளர்ந்தார்கள் என்பதைப் பொறுமையாகக் காட்டுகிறது. தொடக்கத்தில் நாயகன் ஷியாவ் ஸியின் அப்பா மகனுக்காகப் பள்ளி நிர்வாகத்திடம் நிமிர்ந்து வாதாடுகிறார். ரகசியப் போலீஸ் அவரைப் பிடித்துப்போய் நாட்கணக்கில் விசாரித்து அனுப்பிய பின், அதே பள்ளியில் கெஞ்சி நிற்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும் மகனுக்குள் ஏதோ முறிகிறது. வீட்டில் நியாயத்தின் குரல் அடங்கிப்போனதும், தெருவில் கும்பல் சொல்வதே நியாயமாகிறது. அரசின் அச்சுறுத்தல், தந்தையின் தளர்வு, மகனின் கத்தி என்று ஒரே கயிற்றில் கோத்த இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை.

மற்றவை இதே கேள்விகளின் வேறு முகங்கள். நிக்கோலஸ் ரேயின் 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' (1955) வசதியான வீடுகளிலும் பிள்ளை அனாதையாக முடியும் என்று காட்டியது. ஜான் சிங்கிள்டனின் 'பாய்ஸ் இன் த ஹுட்' (1991), கூடவே நிற்கும் ஒரு தந்தை எவ்வளவு மாற்ற முடியும் என்பதை லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் வைத்துச் சோதித்தது. மத்தியூ கஸோவிட்ஸின் 'லா ஏன்' (1995) போலீஸின் அடாவடியையே காரணமாக முன்வைத்தது. 'சிட்டி ஆஃப் காட்' (2002) வேகமும் வண்ணமும் நிறைந்தது. ஆனாலும் கையா காலா, எதில் சுடட்டும் என்று கேட்கப்பட்டு ஒரு பொடியன் விம்மும் இடத்தில் அந்த வேகம் நின்றுவிடுகிறது.

தமிழில் செல்வராகவனின் 'புதுப்பேட்டை' (2006), தாயைத் தந்தையே கொன்றதும் வீட்டை விட்டு ஓடும் பள்ளி மாணவனைத் தொடர்ந்து போனது. சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' (2008) இன்னும் கூர்மையானது. 1980-இன் மதுரையில் வேலைவெட்டியில்லாமல் சுற்றும் இளைஞர்களிடம், அரசியல்வாதியான தன் அண்ணனுக்குப் பதவி கிடைக்காத குறையைச் சொல்லிச் சொல்லியே கொலை செய்ய வைக்கிறான் கனகு. அவர்கள் சிறைக்குப் போனதும் ஜாமீன் எடுக்கக்கூட வருவதில்லை. உள்ளூர் அரசியல் இளைஞர்களைப் பயன்படுத்தி வீசியெறியும் விதம் அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த வெற்றியைப் பார்த்து வந்த பல படங்கள் தாடியையும் அரிவாளையும் மட்டுமே எடுத்துக்கொண்டன, கனகுவை விட்டுவிட்டன.

நம் சினிமா இந்தத் துறையில் செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது. பையன் முதல் வெட்டு வெட்டும் காட்சிக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது, அதற்கு முந்தைய ஒரு வருடத்தை எழுதச் செலவிட வேண்டும்: அவன் பள்ளிக்கு வராததைக் கவனிக்காத ஆசிரியர், அவனை அடித்து அனுப்பிய காவலர், முதல் பைக்கை வாங்கிக் கொடுத்த அரசியல்வாதி. இவர்கள் திரையில் முகத்தோடு வரும்போது, குற்றவாளி என்று ஒரு சிறுவனை மட்டும் சுட்டிவிட்டு நாம் எழுந்து போக முடியாது.