காதோரத் துளையும் பெயர்க் குழப்பமும்

சிலருக்குப் பிறவியிலேயே காதின் முன்புறம் ஊசிமுனை போன்ற துளை இருப்பதைக் கண்டிருப்பீர்கள். மருத்துவ நூல்கள் சில இதனை 'ஃபிஸ்டுலா' என அழைப்பது பொருத்தமன்று. ஃபிஸ்டுலா இருபுறமும் திறந்த வழி. இதுவோ பெரும்பாலும் ஒரே வாயுள்ள முட்டுச்சந்து. கருவின் 6-ஆம் வாரத்தில் தோன்றும் 6 சிறு மேடுகள் இணைந்து காதுமடலாகின்றன. அவை சரிவர இணையாமையே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

'வெறும் துளைதானே' என்பதும் பிழையே. தோலுக்கடியில் அது கிளைவிட்டு, மடலின் குருத்தெலும்பு வரை செல்லலாம். எனவே, சீழைக் கீறி வெளியேற்றுவது தற்காலிகத் தீர்வே. அடிக்கடி சீழ் பிடித்தால், அழற்சி தணிந்தபின் கிளைகளோடு முழுவதையும் அகற்ற வேண்டும். சிறிது எஞ்சினாலும் நோய் திரும்பலாம். தொல்லை தராத துளைக்கோ அறுவை தேவையில்லை.