ஏரிக்குள் நிற்கும் கருவேலம்

கருவேலத்தை அழகென்று சொல்ல ஆள் குறைவு. எனக்கு அது அழகுதான். ஐயம்பேட்டைத் தறிச் சத்தத்தைத் தாண்டி ஏரிப் பக்கம் போங்கள். அங்கே நிற்கும் கருவேலம், ஐப்பசி மழையில் மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாது; கோடையில் தரை வெடித்தாலும் அசராது. 1980களில் சமூகக் காடு வளர்ப்பில் வனத்துறை இதை ஏரி உள்வாய்களில் நட்டதும் அதனால்தான்.

கிட்டத்தில் பாருங்கள். வெள்ளை முள் இரண்டிரண்டாக, மஞ்சள் பூ உருண்டையாக இருக்கும். சாம்பல் பூத்த காய், விதைக்கு விதை இடுங்கி, கோத்த மணிமாலை போலத் தொங்கும். சீமைக்கருவேலத்தின் காய் இப்படி இராது. இரண்டையும் ஒன்றாக்கித் திட்டுவது அநியாயம். கருவேலத்தின் காய் ஆட்டுக்கு, குச்சி பல்லுக்கு, பட்டை தோல் பதனிட, கட்டை வண்டிச் சக்கரத்துக்கு.

வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். ஹவாய்த் தீவுகளின் எரிமலை மேடுகளில் மழைக்காடாக ஓங்கி நிற்கும் கோவா மரமும் இந்த வம்சம்தான். அதற்கும் இதே வித்தை தெரியும். அதன் அடிமரத்தைக் குடைந்து அத்தீவினர் தோணி செய்தார்கள். முதிர்ந்த கோவாவில் சிற்றிலைகள் போய், காம்பே அரிவாளாகத் தட்டையாகி இலையின் வேலையைச் செய்யும். நம் மரம் கடைசிவரை சிற்றிலையை விடுவதில்லை. வெயில் ஊடே இறங்குவதால் அடியில் புல்லும் வளர்கிறது.