அவையல்கிளவியும் அகராதியும்: ஷோவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தை முன்வைத்துச் சில கருத்துகள்

ஆங்கில நாடகமொன்றைப் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், அதில் வரும் ‘பிளடி’ என்னும் சொல்லுக்கு அகராதியைப் புரட்டி ‘இரத்தம் தோய்ந்த’ எனப் பொருள் கண்டு, அவ்விடத்தில் இரத்தம் எங்கிருந்து வந்தது என வினவினார். உடனிருந்தோர் நகைத்தனர். நகைத்தோரிடம் விளக்கங் கேட்டபோது, அது ‘கூடாத சொல்’ என்பதற்கு மேல் அவர்களாலும் எதுவுங் கூற இயலவில்லை. ஒருவர் அகராதிப் பொருளை அறிந்திருந்தார். மற்றையோர் தடையை அறிந்திருந்தனர். ஆசிரியர் அச்சொல்லை அவ்விடத்தில் ஏன் வைத்தார் என்பதை இரு சாராரும் அறிந்திலர்.

பிறமொழி கற்போர் அம்மொழியின் வசைச்சொற்களையும் இழிவழக்குகளையும் அறிதல் வேண்டுமா என்னும் வினா நம்மிடையே பெரும்பாலும் ஒழுக்கத்தின் பாற்பட்டதாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. அஃது உண்மையில் வாசிப்பின் பாற்பட்டது. இச்சொற்களை அறியாதார் ஆங்கில நாடகத்தையும் நாவலையும் அரைகுறையாகவே வாசிப்பர். அறிந்துகொள்ளும் முறையும் தனியானது. அதனைப் பொருள்கூறும் அகராதி மட்டும் தருவதில்லை. இக்கருத்தை ஜோர்ஜ் பெர்னாட் ஷோவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தைத் துணையாகக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது இலக்கண மரபு இவ்விடயத்தில் நமக்கு ஒரு நல்ல கருவியைத் தந்துள்ளது. தொல்காப்பியர் எச்சவியலில் ‘அவையல்கிளவி’ என ஒன்றைக் கூறுவர். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுப்பர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும் வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் குழூஉக்குறிகள். ஈண்டு நோக்கற்பாலது அவையல்கிளவி என்னும் பெயரே. அவையிற் கூறத்தகாத சொல் என்பது அதன் பொருள். குற்றம் சொல்லிலே பிறப்பிலிருந்து ஒட்டியிருப்பதாக அப்பெயர் கூறவில்லை. சொல்லுக்கும் அவைக்கும் இடையிலான பொருத்தமின்மையையே சுட்டுகின்றது. ஆங்கில வசைச்சொற்களை விளங்கிக்கொள்வதற்கு இதனினும் சிறந்த தொடக்கம் கிடைத்தல் அரிது.

ஆங்கிலத்தில் ‘சுவெயர்’ என்னும் ஒரே வினைச்சொல் ஆணையிடுதலையும் வைதலையும் குறிக்கும். நமக்கு இவ்விரண்டும் வெவ்வேறு செயல்கள். ஆங்கிலத்தில் அவை ஒன்றுபட்டமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. முற்காலத்து ஆங்கிலேயரின் கடுஞ்சொற்கள் பெரும்பாலும் இறைவன் பெயரை வீணாக ஏற்றிட்ட ஆணைகளே. மேடையில் இறைவன், கிறிஸ்து, பரிசுத்த ஆவி, திரித்துவம் ஆகிய பெயர்களை இழிவாக வழங்கினால் பத்துப் பவுண் தண்டம் என 1606 இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் சட்டஞ் செய்தது. சேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ 1622 இல் அச்சிடப்பட்ட பதிப்பில் கடவுளின் இரத்தத்தின் மீதும் காயங்களின் மீதும் இடப்பட்ட ஆணைகள் பல உள்ளன. 1623 ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவை நீக்கப்பட்டுள்ளன. இயாகோவின் பேச்சு அதனால் மென்மையடைந்துவிட்டது. அக்கால அவை அஞ்சியது உடலுறுப்பின் பெயருக்கன்று, தெய்வநிந்தனைக்கே என்பது இதனாற் புலப்படும்.

பின்வந்த காலத்தில் அச்சத்தின் நிலைக்களம் மாறிற்று. சமயத்தின் பிடி தளர, நடுத்தர வகுப்பினரின் நாணம் ஓங்கியது. உடலையும் புணர்ச்சியையுங் குறித்த சொற்கள் அச்சேறா நிலைக்குத் தள்ளப்பட்டன. 1755 இல் வெளிவந்த ஜோன்சனின் அகராதி அவற்றுள் மிகக் கடுமையானவற்றை விலக்கியது. பிரான்சிஸ் குரோஸ் 1785 இல் இழிவழக்குகளுக்கெனத் தனி அகராதி தொகுக்க வேண்டியிருந்தது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஒக்ஸ்போட் ஆங்கிலப் பேரகராதி, ஆங்கிலச் சொற்கள் அனைத்தின் வரலாற்றையுங் கூற முற்பட்டதெனினும், யாவரும் அறிந்த இரு நான்கெழுத்துச் சொற்களுக்கு இடமளிக்கவில்லை. றொபேட் பேச்பீல்டு பதிப்பித்த பின்னிணைப்பின் முதற்றொகுதி 1972 இல் வந்தபோதுதான் அவை அங்கு இடம்பெற்றன. அச்சொற்களை இக்கட்டுரையும் எழுதவில்லையே எனச் சிலர் வினவலாம். இவ்விதழ் ஓர் அவை. அதற்கு அதன் வரம்பு உண்டு. அகராதியோ அவையன்று, சொற்களின் பதிவேடு. பதிவேட்டில் மௌனம் நாகரிகமாகாது.

இப்பின்னணியில் ‘பிக்மேலியன்’ நாடகத்தை நோக்குவோம். அது வகுப்பு வேறுபாட்டை எள்ளும் நாடகம் எனப் பொதுவாகக் கூறப்படும். அவ்வாறாயினும் அது முதன்மையாக ஒரு மொழிமாணவியின் கதையாகும். பூ விற்கும் எலைசாவுக்கு ஒலியியற் பேராசிரியர் ஹிகின்ஸ் மேட்டுக்குடியினரின் உச்சரிப்பைக் கற்பிக்கிறார். இரண்டாம் அங்கத்தில் வீட்டு மேற்பார்வையாளரான பியர்ஸ் அம்மையார், அப்பெண்ணின் முன்னிலையில் ஒரு குறித்த சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் எனப் பேராசிரியரை வேண்டுகிறார். அச்சொல்லை அவர் வாய்விட்டுக் கூறுவதில்லை. குளியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்திலேயே அதுவும் தொடங்குகின்றது என்பார். ஹிகின்ஸ் தாம் அதனைச் சொன்னதேயில்லை என மறுக்க, அன்று காலையிலேயே அதனைச் சப்பாத்துக்கும் வெண்ணெய்க்கும் பாணுக்கும் அடைமொழியாக்கியதை அம்மையார் நினைவூட்டுகிறார். சிரிப்புக்குரிய இச்சிறு உரையாடலில் ஒரு சமூகவியல் உண்மை அடங்கியுள்ளது. பேராசிரியர் சொன்னால் அது சினத்தின் விளைவு. பூக்காரி சொன்னால் அது பிறப்பின் அடையாளம்.

மூன்றாம் அங்கத்தில் எலைசா ஹிகின்ஸின் தாயார் இல்லத்து விருந்தினர் முன் தோன்றுகிறாள். உச்சரிப்பிற் பிழையில்லை. ஆயின் தன் மாமியார் ஒருவரை யாரோ ‘தீர்த்துவிட்டனர்’ என்னும் பொருள்படச் சேரிவழக்கொன்றை எடுத்தாள்கிறாள். விருந்தினளான ஐன்ஸ்போட்-ஹில் அம்மையாருக்கு அது விளங்கவில்லை. அஃது இக்காலத்துப் புதிய உரையாடல் முறை என ஹிகின்ஸ் கூறிப் பொருளையும் விளக்குகிறார். விடைபெறும் வேளையில், பூங்காவினூடே நடந்து செல்கின்றாளா என ஓர் இளைஞன் வினவ, ‘பிளடி’ என்னும் சொல்லால் அழுத்தமுற மறுத்து, வாடகைக் காரிற் செல்வதாகக் கூறி வெளியேறுகிறாள். இலண்டனில் இந்நாடகம் 1914 ஏப்பிரல் 11 அன்று மேடையேறியபோது அரங்கைக் குலுக்கிய நகைப்பு இவ்விடத்திலேதான் எழுந்தது.

நகைப்பின் காரணம் யாது? சொல்லிற் குருதியில்லை, எவரையும் அது திட்டவுமில்லை. மறுப்புக்கு அழுத்தஞ் சேர்க்கும் இடைச்சொற் போலவே அது நிற்கின்றது. மேட்டுக்குடி உச்சரிப்பும் தெருச் சொல்லும் ஒரே நாவில் ஒருங்கு ஒலித்தமையே நகைப்பை விளைத்தது. ஹிகின்ஸ் ஒலியைக் கற்பித்தார், அவையைக் கற்பிக்கவில்லை. ஷோ இதனோடு நிறுத்தவில்லை. புதிய நாகரிகம் இதுவென நம்பிய கிளாரா என்னும் நங்கை, புறப்படும்போது அதே சொல்லைத் தானும் எடுத்தாண்டு மகிழ்கிறாள். எலைசாவின் வாயில் அறியாமையாய் இருந்த சொல் கிளாராவின் வாயில் அலங்காரமாகிவிடுகின்றது. இந்தியாவிற் சில காலம் இருந்து மீண்ட கேணல் பிக்கரிங்கோ, வழக்கங்கள் மாறிவிட்டமையால் தாம் மதிப்புள்ள விருந்து மேசையில் இருக்கின்றோமா, கப்பல் மாலுமிகளிடையே இருக்கின்றோமா எனச் சிலவேளை தமக்கே தெரிவதில்லை என்கிறார். பின்னர் அச்சொல்லை அவளது பேச்சிலிருந்து களைய இயலாதா என அவர் வினவுமிடத்து, அதனை நேரே கூறாது இலத்தீன் வழிவந்த சொல்லொன்றால் மறைத்துரைக்கிறார். நம் இலக்கணிகள் கண்டிருப்பின் இடக்கரடக்கலுக்கு எடுத்துக்காட்டாக்கியிருப்பர். என் பேச்சு முறையற்றதா என ஹிகின்ஸ் சினக்க, கால்வாய்ப் படகில் அது முறையானதே, தோட்ட விருந்தில் அவளுக்கு முறையாகாது எனத் தாயார் விடையிறுக்கிறார். அவையல்கிளவி என்னும் கோட்பாட்டின் சாரம் இவ்விடையில் உள்ளது.

இச்சொல்லின் வரலாறும் கற்போருக்கு ஒரு பாடமாகும். கன்னி மரியாளின் பெயரால் இட்ட ஆணையிலிருந்து பிறந்ததெனப் பலர் கூறுவதற்குச் சான்றில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிப்ற் தமது நண்பிக்கு எழுதிய கடிதங்களில், வெயிலின் கடுமையைக் கூற இதனைக் கூச்சமின்றி வழங்கினார். விக்றோறியாக் காலத்தில் அது சேரிச்சொல்லாய்த் தாழ்ந்தது. 1914 இல் அதிர்ச்சி விளைத்தது. இந்நாடகத்தைத் தழுவி 1956 இல் எழுந்த ‘மை பெயர் லேடி’ இசைநாடகத்தில் அதே அதிர்ச்சியை உண்டாக்க அச்சொல் போதவில்லை. குதிரைப் பந்தயக் காட்சியொன்றில் வேறோர் இழிசொல்லை எலைசாவின் வாயில் வைக்க நேர்ந்தது. பிரித்தானிய ஒலிபரப்புக் கண்காணிப்பு நிறுவனமான ஒப்கொம் 2016 இல் வெளியிட்ட ஆய்வில் ‘பிளடி’ மென்மையான சொற்களின் வரிசையிலேயே உள்ளது. எனினும் நம் நாடுகளில் நிலை வேறு. மேலதிகாரியின் வாயிலிருந்து ‘பிளடி ராஸ்கல்’ எனக் கேட்ட மக்களுக்கு அது வெறும் அழுத்தச் சொல்லன்று, அதிகாரத்தின் ஓசை. காலமும் இடமும் பேசுவோனின் நிலையும் கூறாது ஒரு சொல்லை ‘மென்மையானது’, ‘கடுமையானது’ எனல் பயனற்றதாகும்.

எண்ணிக்கையை நம்பும் வாசிப்பும் இத்தகையதே. டி. எச். லோறன்ஸ் 1928 இல் புளோரன்ஸ் நகரில் தனிமுறையாக அச்சிட்ட ‘லேடி சட்டர்லியின் காதலன்’ நாவலைப் பெங்குவின் நிறுவனம் 1960 இல் முழுமையாக வெளியிட முனைந்தபோது வழக்குத் தொடரப்பட்டது. அரசதரப்பு வழக்கறிஞர் நான்கெழுத்துச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என எண்ணிக் காட்டினார். சாட்சியமளித்த திறனாய்வாளர் றிச்சட் ஹொகாட்டோ, தெருவில் வெறுப்பின் வெளிப்பாடாய்ப் பொருளிழந்து போன சொல்லுக்கு லோறன்ஸ் அதன் நேர்ப்பொருளை மீட்டளிக்க முயன்றார் என்னும் பட வாதிட்டார். 1960 நவம்பர் 2 அன்று யூரிமார் பதிப்பகத்தார் குற்றவாளிகளல்லர் எனத் தீர்த்தனர். எனினும் லோறன்ஸின் முயற்சி வென்றதெனக் கூறுதற்கில்லை. அச்சொல் அச்சேறும் உரிமை பெற்றது. நேர்ப்பொருளை மீளப் பெறவில்லை. இன்றும் அது பெரும்பாலும் சினமும் அழுத்தமுமாகவே ஒலிக்கின்றது. தனியொரு கலைஞன், எத்துணை ஆற்றல் வாய்ந்தவனாயினும், அவையின் வழக்கைத் தன் விருப்பப்படி மாற்றிவிட இயலாது.

இனி, கற்போருக்கான அகராதிகளைப் பற்றிச் சிறிது கூறல் தகும். முன்னைய மௌனத்தை அவை இன்று கைவிட்டுள்ளமை பாராட்டத்தக்கது. ‘விலக்குச்சொல்’, ‘பேச்சுவழக்கு’, ‘புண்படுத்துவது’ என்பன போன்ற குறிகளை இடுகின்றன. ஆயின் யார், யாரிடம், எவ்வுறவில் கூறினர் என்பதைக் குறி சொல்வதில்லை. நண்பர் இருவரிடையே அன்பாக ஒலிக்கும் வசை, அயலார்மீது வீசப்படும்போது கைகலப்பாகும். சில சொற்கள் பொருளே இன்றி இலக்கணத் தொழில் மட்டும் புரிவன. ‘அப்சொலூட்லி’ என்னும் சொல்லின் நடுவே ‘பிளடி’ புகும்போது அழுத்தம் விழும் அசைக்கு முன்னரே அது புகும். வேறிடத்திற் புகுத்தினால் ஆங்கிலேயர் செவி ஏற்காது. வசைக்கும் இலக்கணம் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

தமிழில் மொழிபெயர்ப்போர் இருவகைத் தவறுகளை இழைக்கின்றனர். ஒரு சாரார் இத்தகைய சொற்களை முற்றாக நீக்கி, துறைமுகத் தொழிலாளியைப் பண்டிதராக்குவர். மற்றொரு சாரார், வெறும் அழுத்தச் சொல்லுக்குத் தாயையோ சாதியையோ இழிக்கும் தமிழ் வசையொன்றைப் பெய்து, மூலத்தில் இல்லாத நஞ்சைக் கலப்பர். மூலத்தில் அச்சொல் புரியும் தொழிலை அறிந்து, அத்தொழிலைத் தமிழிற் புரியும் சொல்லையோ வாக்கிய அழுத்தத்தையோ தேர்தலே நேர்மையானது. எலைசாவின் மறுப்பை இரத்தம் என்றும் பெயர்க்க வேண்டுவதில்லை. தாய்ப்பழியாகவும் ஆக்க வேண்டுவதில்லை. சீராகப் பேசிவந்த நங்கை சட்டெனத் தெருவுக்கு இறங்கிவிட்டாள் என வாசகர் உணரின் போதும்.

இன்று ஆங்கில அவையின் அச்சம் மூன்றாம் முறையாக இடம் மாறியுள்ளது. இறைவன் பெயரும் உடலின் பெயரும் வலுக்குறைய, இனத்தை இழிக்கும் சொற்களே பெருங்கொடுமையாகக் கருதப்படுகின்றன. மார்க் டுவெயினின் ‘ஹக்கிள்பெரி பின்’ நாவலிற் கறுப்பின மக்களை இழிக்கும் சொல்லுக்குப் பதிலாக ‘அடிமை’ எனப் பெய்த பதிப்பொன்று 2011 இல் அமெரிக்காவில் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இவ்வகைச் சொல் ஏனையவற்றிலிருந்து வேறானது. அது பேசுவோனின் சினத்தைக் காட்டுவதோடு அமையாது, ஒரு மக்கட் கூட்டத்தின்மீது இழைக்கப்பட்ட கொடுமையின் நினைவைச் சுமந்து நிற்கின்றது. சாதிப்பெயர் வசையாகும் சமூகத்தில் வாழும் நமக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. அந்நாவலை வாசிப்போர் அச்சொல்லின் எடையை அறிந்தாலன்றி, அதனைக் கூசாது வழங்கும் சமூகத்தின்மீது டுவெயின் வீசும் எள்ளல் அவர்களுக்குப் புலனாகாது.

பிறமொழி வசை நம் நெஞ்சைத் தாய்மொழி வசைபோலச் சுடுவதில்லை. பிற்காலத்திற் கற்ற மொழி எத்துணை பழகினும் அதன் கடுஞ்சொல் நமக்கு ஓசையாகவே நிற்கும். ஆதலினாலேயே எளிதில் நாவில் வந்துவிடுகின்றது. கேட்போரையோ அது சுடும். திரைப்படம் பார்த்து அச்சொற்களைப் பழகும் இளைஞர் பலர் கிளாராவின் நிலையிலேயே உள்ளனர். அவற்றை அறியவே மறுப்போர், விருந்தில் விழித்து நின்ற ஐன்ஸ்போட்-ஹில் அம்மையாரை ஒப்பர். இவ்விரு நிலைகளும் விலக்கற்பாலன.

ஒரு வசைச்சொல்லைச் சந்திக்கும் மாணவர், எக்காலத்தது, எவ்விடத்தது, யார் யாருக்குக் கூறியது, அவ்விடத்தில் என்ன தொழில் புரிகின்றது என நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இவற்றுக்கு விடை காண்போர் அச்சொல்லை வாயாற் கூறாமலே அதன் முழு ஆற்றலையும் உணர்வர். விரிவுரை மண்டபத்தில் இவ்வினாக்களை நாணமின்றி எழுப்புவதற்கு ஆசிரியர் இடமளித்தல் வேண்டும். இரத்தம் எங்கிருந்து வந்தது எனக் கேட்ட மாணவரை நகைத்து அடக்கியது நம் தவறு. அன்று அங்கிருந்தோருள் வினா எழுப்பியவர் அவர் ஒருவரே.