முதுமையின் துயரும் மலையகத்தின் கேள்வியும்

வாழ்வின் அந்திமக் காலத்தில் மனிதன் எழுப்பும் வினாக்களை நோய் என்று ஒதுக்காமல், வினாக்களாகவே மதிப்பது இருப்பியல் உளச்சிகிச்சையின் சிறப்பாகும். மரணம், சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை ஆகிய நான்கையும் மனித வாழ்வின் அடிப்படைக் கவலைகளென அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலோம் 1980இல் வெளியான தமது நூலில் வகுத்தார். அவருக்கு முன்னோடியான விக்டர் பிராங்கல் நாஸி வதைமுகாம்களிலிருந்து மீண்டவர். மனைவியை இழந்து ஈராண்டாகியும் தேறாத முதிய வைத்தியர் ஒருவரை அவர் குறிப்பிடுகிறார். கணவர் முதலில் மறைந்திருந்தால் அத்துயரை மனைவியன்றோ சுமந்திருப்பார் என்று உணர்த்தியதும் முதியவர் அமைதி பெற்றார். துயரம் மாறவில்லை, அதற்கோர் அர்த்தம் கிடைத்தது.

இந்த முறையை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு லயக் காம்பராவின் வாசலில் வைத்துப் பார்ப்போம்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஒரே லயத்தில் பிறந்த அண்ணனும் தங்கையும் கடலின் இரு கரைகளிலும் முதுமை எய்தினர். அந்தத் தங்கையின் துயரம் யாரைக் காத்தது? எவரையும் காக்கவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராய் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை அளித்தது. பிரிந்த உறவை எந்தச் சட்டமும் மீட்டுத் தரவில்லை.

மனிதன் தன் வாழ்வைத் தானே ஆக்குகிறான் என்பது இச்சிகிச்சையின் அடிப்படை. தன் நாடு எதுவென்பதையே பிறர் தீர்மானிக்கக் கண்ட கிழவியிடம் அதை எவ்வாறு உரைப்பது? தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்றே பெயர். ஐம்பது வயதில் சேமலாப நிதியைப் பெற்றுக்கொண்டு அவள் ஓய்வுபெற்ற நாளோடு அந்தப் பேரும் போய்விடுகிறது. அவளது வெறுமை தத்துவத்தில் மட்டுமன்று, செக்ரோலிலும் பிறந்தது.

தவிர்க்கக்கூடிய துயரின் காரணத்தை முதலில் அகற்றவேண்டும் என்று பிராங்கலே வலியுறுத்தியதை நாம் மறைக்கலாகாது. அவரை மேற்கோள் காட்டி ஏழைக்குப் பொறுமை போதிப்பவரே அவரைத் திரிக்கின்றனர்.

எனினும் குற்றம் முழுவதையும் பிறர்மீது சுமத்த நமக்கு உரிமையில்லை. கூலி, காணி, வீடு என்று நாம் பேசினோம், பேசவும் வேண்டும். ஆனால் அவை யாவும் கிட்டிய பின்னரும் மரணம் அவளை நோக்கி வரும். அண்ணனின் முகம் நினைவில் எழும். அந்த நள்ளிரவைப் பற்றி நாம் ஒன்றும் சொன்னதில்லை. மக்கள் சொல்லியிருக்கிறார்கள். ஸி.வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் தேடித் திரட்டிய நாட்டுப் பாடல்களும், சாவு வீட்டின் ஒப்பாரியும் துயரைத் தனியொருவர் சுமையாக விட்டுவிடவில்லை. கூட்டத்தின் நடுவே இறக்கி வைத்தன.

ஆகவே இச்சிகிச்சையை நாம் நிராகரிக்கவில்லை. அது மலைக்கு வரட்டும், தமிழில் வரட்டும். ஆனால் "உன் வாழ்வுக்கு என்ன பொருள்?" என்று முதியவளை வினவுமுன், அவ்வாழ்வைப் பங்கிட்டவர் யாரென்றும் அது வினவட்டும். இரண்டாவது வினாவை மட்டுமே அறிந்த நாம், முதல் வினாவையும் கேட்கக் கற்போமாக.