கடல் புறாவுக்கு ஒரு கட்டியங்காரன்

எங்கள் நைனார்பாளையத்தில் கடல் கிடையாது. வானம் தெளிந்த நாளில் கல்வராயன் மலை நீலக்கோடாகத் தெரியும். அதற்கு இப்பால் மக்காச்சோளம், பருத்தி, மரவள்ளி. தண்ணீர் என்றால் ஏரித் தண்ணீர், அதுவும் ஐப்பசி ஏமாற்றாவிட்டால். இந்த ஊரில் வளர்ந்த எனக்குப் பாய்மரம், நங்கூரம், சுக்கான் எல்லாம் சின்ன வயதிலேயே பழகிப்போனதற்குக் காரணம் சாண்டில்யன்.

பெரியப்பா வீட்டுப் பரணில் ‘கடல் புறா’ இருந்தது. குமுதத்திலிருந்து வாராவாரம் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்ட கட்டு. ஓவியர் லதாவின் படங்களைத் தனியாகக் கிழித்துக்கொண்டு போனவர்களும் வீட்டில் இருந்தார்கள். நடுவில் ஏழெட்டு வாரம் காணோம். அந்த ஓட்டை எனக்கு உறுத்தவே இல்லை. பல வருடம் கழித்து மூன்று பாகங்களையும் முழுதாக வாசித்தபோதுதான் தெரிந்தது: விட்டுப்போன பக்கங்களால் கதையில் ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஒரு நாவலைப் பற்றி இதைவிடக் கடுமையாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஓட்டைக் கட்டை நாலு தடவை படித்தேன் என்பதும் உண்மைதான்.

சாண்டில்யன் பிறந்தது 1910இல், திருக்கோவிலூரில். இன்று அதுவும் எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பத்திரிகை வேலை, சினிமா வேலை எல்லாம் பார்த்தவர். வாசகன் எந்த இடத்தில் கொட்டாவி விடுவான் என்பது தெரிந்தவர். ‘கடல் புறா’வின் விதை ஒரு மெய்க்கீர்த்திச் செய்தி. வீரராசேந்திர சோழன் கடாரத்தை வென்று, தன்னிடம் அடைக்கலம் கேட்ட அரசனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்தான் என்கிறது அது. அடைக்கலம் கேட்டவனுக்கு நாவலில் குணவர்மன் என்று பெயர். காஞ்சனாதேவி என்று ஒரு மகள். காப்பாற்றப் போகிறவன் இளையபல்லவன் கருணாகரன், பின்னாளில் கலிங்கத்துப்பரணி கொண்டாடும் அதே கருணாகரத் தொண்டைமான். பரணி பாடும் கலிங்கப் போர் 1110ஐ ஒட்டி நடந்தது. அந்தக் கிழச்சிங்கத்தின் இளமை எப்படி இருந்திருக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் காலி இடத்தில் சாண்டில்யன் ஒரு கப்பலை மிதக்கவிட்டார்.

இந்த ஊகத்தின் துணிச்சலை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழில் சரித்திரக் கதை என்றால் காவிரிக்கரையும் அரண்மனைச் சுரங்கப்பாதையும் என்று இருந்தபோது, கலிங்கத்துப் பாலூர் துறைமுகத்தில் தொடங்கி ஸ்ரீவிஜயத்தின் தீவுகள்வரை கதையை இழுத்துக்கொண்டு போனார். அரபு மாலுமி அமீர், சீனக் கடற்கொள்ளைக்காரன் அகூதா, தமிழ் மாலுமி கண்டியத்தேவன் எல்லோரும் ஒரே தளத்தில் நின்று காற்றின் திசையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். வங்கக் கடல் ஒரு எல்லையாகத் தெரியவில்லை, பல ஊர்க்காரர்கள் புழங்கும் தெருவாகத் தெரிகிறது. பாடப்புத்தகத்தில் ‘கடாரம் கொண்டான்’ என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்த எனக்கு, கடாரத்துக்குப் போகும் வழியில் ஆட்களும் சந்தைகளும் அலையும் நோயும் பசியும் இருந்திருக்கும் என்று தோன்ற வைத்தது இந்த நாவல்தான்.

அப்புறம் அந்தக் கப்பல். சோழர் மரக்கலம் எப்படி இருந்தது என்று தொட்டுப் பார்க்க நம்மிடம் அதிகம் மிச்சமில்லை. சாண்டில்யன் அந்தக் குறையையே சலுகையாக எடுத்துக்கொள்கிறார். புறாவைப் போல முகப்பும் சிறகும் கொண்ட ஒரு போர்க்கப்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக நம் கண்ணெதிரே கட்டுகிறார். எங்கே எதை மறைத்து வைப்பது, எந்தப் பாயை எப்போது இறக்குவது என்று தச்சன் கணக்காகச் சொல்லிக்கொண்டு போவதால், இது நடக்குமா என்று கேட்கத் தோன்றுவதில்லை. விக்கிரமாதித்தன் கதையில் பறந்த மாயக் குதிரைதான் இது. ஆணியும் பலகையும் அடித்துக் கடலில் இறக்கியிருக்கிறார், அவ்வளவுதான். என் கணக்கில் நாவலின் மிகச் சிறந்த பாத்திரம் இந்தக் கப்பல். அதற்கு மட்டும்தான் அவர் இரண்டு பக்கத்துக்குக் கண் வர்ணனை எழுதவில்லை.

சரித்திரம் என்று முன்னுரையிலும் அடிக்குறிப்பிலும் சத்தியம் செய்யும்போதுதான் வம்பு. கதை நடப்பது முதலாம் குலோத்துங்கன் 1070இல் பட்டமேறுவதற்கு முன்பு. சீன வரலாற்றில் அகூதா என்ற பெயரில் ஒருவர் உண்டு, 1115இல் சின் அரசை நிறுவியவர். அவர் பிறந்தது 1068. நாவலின் அகூதா அவர்தான் என்றால், கப்பல் தலைவனாக மீசையைத் தடவும் வேளையில் அவர் தொட்டிலில் கிடந்திருக்க வேண்டும். அதுவும் மஞ்சூரியாவில். இளவரசன் குலோத்துங்கனுக்கு நாவல் சூட்டும் அநபாயன் என்ற பெயரும் இடிக்கிறது. அந்தப் பெயரால் நாம் பெரிதும் அறிந்தவன் சேக்கிழார் காலத்து இரண்டாம் குலோத்துங்கன். முதலாமவனைப் பரணி அபயன் என்கிறது. மாயக்கதைக்கு இதெல்லாம் குற்றமே இல்லை. சான்று காட்டிவிட்டு மாயம் செய்தால்தான் குற்றம். இன்றைக்கும் இந்த நாவல்களை ஆதாரமாக வைத்துச் சோழர் வரலாறு பேசுகிறவர்களைத் திருமண வீட்டுப் பந்தியில் சந்திக்கிறேன்; சாப்பாடு ஆறிப்போகும் என்பதால் வாதாடுவதில்லை.

தொடர்கதை என்ற வடிவத்தின் கோளாறுகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு அதிர்ச்சியில் முடியும். அடுத்தது அதை அவிழ்த்துவிட்டு, போன வாரம் நடந்ததை மறுபடி சொல்லும். வாரம் ஒருமுறை நாலு பக்கம் படித்தவனுக்கு அது உதவி. புத்தகமாகப் படிப்பவனுக்கு ஏற்கெனவே வந்த வழியிலேயே திரும்பத் திரும்ப நடப்பதுபோல் இருக்கும்.

பெண்கள் விஷயத்தை அப்படிக் கடக்க முடியாது. காஞ்சனாதேவி வாள் பிடிக்கத் தெரிந்தவளாக, சொல்லுக்குச் சொல் வெட்டுபவளாக உள்ளே வருகிறாள். அட்சயமுனைக் கோட்டைத் தலைவன் பலவர்மனின் மகளாக வளர்ந்த மஞ்சளழகியோ அந்தக் கோட்டையின் சூது அத்தனையும் அறிந்தவள். நாவலிலேயே சிக்கலான மனம் அவளுடையது. இருவருமே சில அத்தியாயங்களுக்குள் கருணாகரனைப் பார்த்து மயங்கி நிற்கும் சிலைகளாகிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய அறிவுக்கு வேலையில்லை. அவர்களுடைய உடம்பைப் பற்றிய வாக்கியங்களுக்குத்தான் வேலை. எதிரி வாசலில் நிற்கும்போதும் இடை வர்ணனை முடியும்வரை காத்திருக்கிறான். இது ஆபாசம் என்று அந்தக் காலத்தில் வைதவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய புகார் இல்லை. ஒரு பெண்ணை அறிவாளி என்று அறிமுகப்படுத்திவிட்டு, அந்த அறிவைக் கதையில் செலவழிக்காமல் வைத்திருப்பது ஆசிரியரின் கஞ்சத்தனம்.

எங்கள் பக்கத்தில் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை ஒன்றும் புதிதில்லை. பவளக்கொடியில் அர்ஜுனன் மகனுக்குப் பவளத்தேர் வேண்டும் என்று கடல்தாண்டிப் போகிறான். அங்கே ஒரு பெண், மையல், கல்யாணம், ஊரில் மனைவி அல்லியின் கோபம். காதல், மாயம், சாகசம் மூன்றும் அதில் உண்டு. சாண்டில்யனின் கதாநாயகர்களுக்கு மூத்த அண்ணன் இந்த அர்ஜுனன். ஆனால் கூத்தில் அர்ஜுனன் கிரீடத்தோடு வந்து தன் பெருமையைப் பாடும்போது பக்கத்திலேயே கட்டியங்காரன் நிற்பான். “ஏன் சாமி, ஊட்டுல இருக்கிற அம்மா பத்தாதா?” என்கிற மாதிரி ஒரு கேள்வி போடுவான். சபை சிரிக்கும். அர்ஜுனன் சமாளிப்பான். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் கிழவிகள்தான் ரொம்பச் சிரிப்பார்கள். அதனால் அர்ஜுனன் குறைந்துபோவதில்லை. விடியும்வரை அவனைப் பார்த்துக்கொண்டிருக்க முடிவதே அந்தச் சிரிப்பால்தான்.

‘கடல் புறா’வில் கருணாகரனைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை. அமீரும் கண்டியத்தேவனும் கேலி பேசுவார்கள், ஆனால் அடுத்த வரியிலேயே வியந்து வாய்பிளப்பார்கள். அவன் திட்டம் போடுகிறான், மறைக்கிறான், மற்றவர்கள் திகைக்கிறார்கள், கடைசியில் விளக்குகிறான். முதல் இரண்டு தடவை நானும் திகைத்தேன். பத்தாவது தடவை, இவன் தப்பித்துவிடுவான் என்று தெரிந்த பிறகு, பயமே போய்விட்டது. தோற்கவும் கேலிக்கு ஆளாகவும் முடியாத நாயகனுடைய சாகசத்தில் ஆபத்து எங்கிருந்து வரும்? புறாவின் பாய்மரம் ஒன்று முறிந்தபோது பதறிய அளவு கருணாகரனுக்காக நான் பதறியதில்லை.

கட்டியங்காரன் இல்லாததால் இன்னொன்றும் இல்லாமல் போகிறது. துடுப்பு வலிப்பவன் என்ன நினைக்கிறான் என்று கேட்க நாவலில் யாருமில்லை. கல்வராயன் மலையில் ஒரு வழக்குக் கதை உண்டு: காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்து, ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்று மலையாளிப் பழங்குடியினர் சொல்வார்கள். அதிலும் பயணம், வேட்டை, பெண்ணெடுத்த கதை எல்லாம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவர்களே அதன் நாயகர்கள். அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. எஜமானுக்குச் சுமை தூக்கியவர்களின் பேரன்கள் இன்று எங்கள் ஊர்ச் சந்தைக்கு வருகிறார்கள். அரசன் ஒருவனுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுப்பதே பெரிய நியாயம் என்று மூன்று பாகம் நம்பும் நாவலை அவர்களில் ஒருவர் படித்தால் எந்த இடத்தில் சிரிப்பார் என்று யோசித்துப் பார்த்ததுண்டு.

பரண் கட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பெரியப்பா பென்சிலால் ஓரங்களில் எழுதியிருப்பதைச் சமீபத்தில்தான் கவனித்தேன். வர்ணனை நீளும் பக்கங்களில் ‘போதும்யா’. கருணாகரன் எட்டுப் பேரை ஒரே வாளால் தடுக்கும் இடத்தில் ‘அடேங்கப்பா!’ கப்பல் முதன்முதலில் கடலில் இறங்கும் அத்தியாயத்தில் மட்டும் எதுவும் எழுதவில்லை; அந்தத் தாளின் மூலை, பலமுறை புரட்டிய அழுக்கில், கறுத்துப்போயிருக்கிறது.