கல்லும் பதிவேடும்: ஊவாவின் வரலாற்றுச் சான்றுகளும் பதுளைப் பொது நூலகமும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவார் தலைநகரின் ஆவணக் காப்பகத்தை நாடுவர். ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவாரோ அவ்வூர்ப் பொது நூலகத்தின் வாயிலையே முதலில் மிதிப்பர். நூலகம் எவற்றைப் பேணி வைத்ததோ அவையே ஊரின் வரலாறாகக் கொள்ளப்படும்; பேணாது விட்டவை நிகழாதன போல மறையும். ஆதலின் உள்ளூர்ச் சான்றுகளைத் திரட்டுவார் நூல்களை அடுக்குவாராக மட்டும் அமையாது, எது வரலாறு எனத் தீர்ப்புக் கூறுவாராகவும் அமைகின்றனர். ஊவா மாகாணத் தலைநகராகிய பதுளையை வைத்து இத்தீர்ப்பின் தகுதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதுளைப் பொது நூலக வளவில் ஒரு கற்றூண் உளது. கி. பி. 10ஆம் நூற்றாண்டில், நான்காம் உதயன் காலத்தில், சிங்கள மொழியிற் பொறிக்கப்பட்ட சாசனம் அது. மகியங்கனைக்கு அண்மையிலுள்ள சொரபொரக் குளத்தருகே கிடந்து, ஆங்கிலர் ஆட்சியிற் பதுளைக்குக் கொணரப்பட்டது. செனரத் பரணவிதான முதலிய அறிஞர் இதனை ஆராய்ந்து பதிப்பித்துள்ளனர். ஹோபிட்டிகம என்னும் சந்தையின் வணிகரும் குடிகளும், அதிகாரிகள் முறைகடந்து தண்டுகின்றனர் என மன்னன் முன் முறையிட்டனர். மன்னன் அம்முறையீட்டைக் கேட்டு, நிறையும் அளவும் எவ்வாறு இருத்தல் வேண்டும், எப்பொருளுக்குத் தீர்வை கொள்ளலாம், எதற்குக் கொள்ளலாகாது, போயா நாளில் வணிகம் ஆகாது என்றெல்லாம் விதித்தான். அவ்விதிகளையே தூண் தாங்கி நிற்கின்றது.

இச்சாசனத்தின் சிறப்பு அதன் பழமையில் மட்டும் தங்கியதன்று. இலங்கைக் கல்வெட்டுக்கள் மிகப் பலவும் கொடை கூறுவன. கொடுத்தான் பெயர் விளங்கும். கொண்டார் வாழ்வு விளங்காது. இத்தூணிலோ ஆளப்படுவோரின் குறையே விதிகள் பிறத்தற்குக் காரணமாகிக் கல்லிலும் ஏறிவிட்டது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் ஒரு சந்தையில் எளியோர் எதனால் வருந்தினர் என்பதை இன்றும் அறிகின்றோம். ஊவாவின் ஏனைய சான்றுகளை மதிப்பிடுதற்கு இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

அவ்வளவுகோல் கொண்டு ஆங்கிலர் காலத்து ஏடுகளை நோக்குவோம். 1817-1818ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின் அரசாங்க ஏடுகள் பெருகின. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. அதன் அரசாங்க அதிபராக இருந்த ஹேர்பேட் வைற் என்பார் 1893இல் மாகாணக் கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். பெர்குசன் நிறுவனத்தாரின் ஆண்டு விவரக் கோவைகள் தோட்டந்தோறும் பரப்பளவும், உடைமையாளர் பெயரும், துரையின் பெயரும் தந்தன. பென்றி லூயிஸ் என்னும் அதிகாரி இலங்கையிலுள்ள ஐரோப்பியர் கல்லறைகளின் எழுத்துக்களைத் திரட்டி 1913இல் நூலாக்கினார். 1845இல் அப்புத்தளையில் இடிவீழ்ந்து இறந்த மேஜர் ரோஜர்ஸ் நினைவாகப் பதுளையில் புனித மாற்கு தேவாலயமே எழுந்தது.

இவை பயனுடைய நூல்கள் என்பதில் ஐயமில்லை. வரலாற்று மாணவன் இவற்றைத் தள்ளிவிட்டு ஓரடியும் செல்லான். ஆயினும் ஒரு குறை எல்லாவற்றிற்கும் பொது. 1869இல் மடுல்சீமையில் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் எப்போது, எங்கே கண்டறியப்பட்டது என்பது பதிவாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதென்னையை வாங்கியதும் பதிவாயிற்று. கோப்பி அழிந்தபோது கூலியின்றி நின்றவர் யாவர், தேயிலைக் கன்றை நட்ட கைகள் யாருடையன என்பன அவ்வேடுகளில் இல்லை. இறந்த துரைமாரின் கல்லறைகளுக்குப் பட்டியல் உண்டு. தேயிலைச் செடிகளுக்கு நடுவே புதைக்கப்பட்ட தமிழர்க்குக் கல்லும் இல்லை, பட்டியலும் இல்லை. ஹோபிட்டிகமச் சந்தையின் குடிகள் பெற்ற இடத்தை, ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், ஊவாத் தோட்டங்களின் குடிகள் பெற்றிலர்.

அங்ஙனமாயின் அம்மக்களைப் பற்றிய எழுத்துச் சான்றே இல்லையோ எனின், உண்டு. அது தோட்டக் காரியாலயங்களில் இருந்தது. நாட்கூலி குறிக்கும் செக்ரோல், கங்காணியின் கடன் கணக்கு, அரிசிக் கணக்கு, பிறப்பு இறப்புப் பதிவுகள், தோட்டப் பள்ளிக்கூடத்து வரவு இடாப்பு ஆகியன அவை. இவற்றோடு ‘துண்டு’ எனப்பட்ட சீட்டையும் சேர்த்தல் வேண்டும். தொழிலாளி தன் கடனைத் தீர்த்தால் அவனை விடுவிக்கத் துரை இசைவதாகக் கூறும் அச்சீட்டு, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, மனிதரைத் தோட்டத்தோடு பிணித்த கயிறாக விளங்கியது.

செக்ரோல் முதலாளியின் கணக்கேடு. அதனைத் தொழிலாளியின் வரலாறாகக் கொள்வது எங்ஙனம் எனச் சிலர் வினவலாம். வினா நேரியதே. ஆயின் சான்றின் மதிப்பு அதனை எழுதியவன் கருத்தோடு முடிந்துவிடுவதில்லை. மலையகப் பேச்சுவழக்கில் ‘பேர்’ என்னுஞ் சொல் ஒரு நாட்கூலியைக் குறிக்கும். கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ போடுவர். பெயர் என்பது மனிதனைக் குறிக்கும் நிலையினின்று நீங்கிக் கூலியின் அளவாகிவிட்ட கதையை அவ்வொரு சொல்லே கூறும். அச்சொல் பிறந்த இடம் செக்ரோல். அதில் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே தொடர்ந்து வரும் அரைப்பேர்களை மழைக்காலத்தோடும், மகப்பேற்றோடும், நோயோடும் பொருத்திப் பார்ப்பவன், கணக்கன் எழுத எண்ணாத வரலாற்றையும் அதனுட் காண்பான்.

மற்றொரு சாரார் தோட்டமக்களின் வரலாறு பாட்டிலும் வாய்மொழியிலுமே உண்டு என்பர். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த பாடல்கள் விலைமதிப்பற்றன. எனினும் பாட்டு துயரைக் கூறும்; ஆண்டையும் தொகையையும் கூறாது. பாட்டை மட்டும் நம்பி எழுதப்பட்ட மலையக வரலாறுகள் சில, புலம்பலோடு அமைந்துவிடுவதைக் காண்கின்றோம். 1940ஆம் ஆண்டு பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்து நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அங்கு வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அதனோடு கலந்து நடக்கத் துரை இசைய நேர்ந்தது. புலம்பல் மரபில் இந்நிகழ்ச்சிக்கு இடமில்லை. கட்சி வரலாறுகளோ கொழும்புத் தலைவர்களின் புகழுக்கு இதனை அணியாக்கின. அரசாங்க ஏடுகள் அமைதிக் குலைவெனக் கண்டன. தோட்டத்து ஏட்டையும், முதியோர் வாய்மொழியையும், அரசாங்க அறிக்கையையும் ஒருங்கு வைத்து ஒப்பிட்டாலன்றி அச்சபையினர் செய்தது இன்னதெனத் தெளிதல் அரிது.

இவை கற்றோர் பொழுதுபோக்குக்குரிய வினாக்கள் என எண்ணுவார்க்கு ஒன்று கூறல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், இடையறாது இலங்கையில் வதிந்தமையை நிறுவினால் குடியுரிமை தருவதாகக் கூறிற்று. 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன், மணமானோர் 7 ஆண்டும், மணமாகாதோர் 10 ஆண்டும் வதிந்தமையைக் காட்டல் வேண்டும். எதனைக் கொண்டு காட்டுவது? பிறப்புப் பதிவு, பள்ளி இடாப்பு, தோட்டத்து ஏடு என்பனவே கைக்கொள்ளத்தக்க சான்றுகள். சுமார் எட்டு லட்சம் பேர் விண்ணப்பத்துட் சேர்ந்தனர். ஒன்றரை லட்சத்திற்குங் குறைந்தோரே ஏற்கப்பட்டனர். அச்சட்டத்தின் கடுமையே அதற்கு முதற்காரணம். எனினும் ஒரு தாள் இன்மையால் தாம் பிறந்த மண்ணுக்கே அந்நியராகக் கருதப்பட்டவர் தொகை சிறிதன்று. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை மனிதரை லட்சக் கணக்கிற் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும் வரை அவ்வழக்கு முற்றத் தீரவில்லை.

அண்மைக் காலத்தும் இதுவே நிலை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. புதையுண்டோர் எத்துணையர் என்பதற்கு முதல் நாட்களில் ஒன்றோடொன்று மாறுபட்ட எண்கள் வெளிவந்தன. நூற்றுக்கணக்கிற் கூறப்பட்ட தொகை பின்னர் பெரிதுங் குறைந்தது. ஒரு மலைச்சரிவில் வாழ்ந்தவர் இன்னார் இன்னார் என உடனே கூறுதற்கு இயலாத நிலையைவிட, ஆவணத்தின் அருமையை உணர்த்தவல்ல சான்று வேறு வேண்டுமோ?

ஆவணங்கள் யாண்டு வைக்கப்படல் வேண்டும் என்பது அடுத்த வினா. 1973ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்பில் உளது; அங்குப் பயிற்சி பெற்றோர் உளர். ஆயினும் பதுளை மாணவனுக்குக் கொழும்பு தொலைவு. தோட்டங்களோ 1975இல் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துட் சென்றன. கை மாறுந்தோறும் பழைய ஏடுகள் பயனற்ற தாளெனக் கழிக்கப்படும் அபாயம் உண்டு. அவற்றை அண்மையிலிருந்து கண்காணித்துக் கேட்டுப் பெறவல்லது நகரத்துப் பொது நூலகமே.

எனினும் ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் குவித்தல் எத்தகைய இடுக்கண் என்பதை 1981 கற்பித்தது. அவ்வாண்டு மே இறுதி நாளிரவு தொடங்கி மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்கள், ஏட்டுச் சுவடிகளும் உட்பட, சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை மீளவில்லை. ஆதலின் மூலம் ஓரிடத்தும், படிகள் வேறிடங்களிலும் இருத்தல் வேண்டும். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனத்தார் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கி வருவது இதற்கு வழிகாட்டும்.

இப்பணியில் எச்சரிக்கையும் வேண்டும். தோட்டத்து ஏடுகளிற் சாதியும் கடனும் நோயும் குற்றமும் எழுதப்பட்டுள்ளன. அவற்றை வரையறையின்றித் திறந்துவிடின், முன்னோரை இழிவுபடுத்திய எழுத்தே பேரரையும் இழிவுபடுத்தும். உயிரோடிருப்பார் பற்றிய பகுதிகளை உரிய காலம் வரை மூடி வைத்தலும், பெயர்ப் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் அமைத்தலும், ஆங்கிலத் தோட்டப் பெயரோடு மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயரையும் சேர்த்துக் குறித்தலும் நூலகத்தார் கடன். தமிழ்ப் பெயர் தெரியாத பட்டியலில், தன் பாட்டி பிறந்த தோட்டத்தைத் தேடும் பேரன் அதனைக் காணமாட்டான்.

ஊவாவின் ஆசிரியரும் மாணவரும் இதில் பங்குகொள்ளல் இயலும். மேல்வகுப்பு மாணவர், தத்தம் தோட்டத்து முதியோர் இருவரின் வாய்மொழியை நாளும் இடமுங் குறித்து எழுதி, ஒரு படியை நூலகத்திற் சேர்ப்பது பொருட்செலவு வேண்டாத தொண்டு. வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பழந்துண்டும், பிறப்புப் பதிவும், கப்பற் சீட்டும் படியெடுத்த பின் உரியவர்க்கே மீளலாம். ஹோபிட்டிகமக் குடிகளின் முறையீட்டைப் பத்து நூற்றாண்டு கழித்தும் காத்து நிற்கும் நூலக வளவினுள், பிரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடக் காத்து நின்றவர்களின் ஏடுகளுக்கும் ஓர் அறை ஒதுக்கப்படல் வேண்டும். தாள் கல்லன்று, மலைநாட்டு ஈரத்தில் அது நெடுங்காலம் தாங்காது. செய்யத்தக்கதை இத்தலைமுறையே செய்தல் வேண்டும்.